ஏழாம் எண் முயல்

மாட்டுப் பொங்கலுக்கு மாடே இல்லாத ஊர் நம் நகரியம். இந்த வருடம் எதிர்க் குவார்ட்டர்ஸ்காரர் நைட் ஷிப்ட் முடித்து வந்த கையோடு தன் லாப்ரடார் நாயைக் குழாயடியில் நிறுத்தி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டார். நாய் உடம்பை ஒரு உதறு உதறியது. ஈர மயிரும் சீயக்காயும் கலந்த அந்த வாடை தெருவைத் தாண்டி என் வாசல்வரை வந்தது. போட்டுக்கொண்டிருந்த கோலத்தின் மேலேயே கால் வைத்துவிட்டேன். அந்த வாடை வந்தால் நான் ஏன் இப்படித் தடுமாறுகிறேன் என்று உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பேச வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது, எழுதித்தான் தீர்க்க வேண்டும். நீ உயிரோடு இருந்தபோதும் பத்துக் கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிற ஆள். அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழிக் கடைசி. முந்திரிப் பருப்பைச் சென்னையில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு காடாம்புலியூர் லாரியில், டிரைவர் பக்கத்தில் நீயும் பின்னால் ஆறு கூண்டுகளில் பன்னிரண்டு வெள்ளை முயல்களுமாக வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினாய். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நான் பரிசோதனைக்கூட டிப்ளமோவோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பஜார் பக்கம் ஒரு சின்ன லேபில் ஊராரின் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சென்னையில் முனைவர் பட்ட ஆராய்ச்சியில் இருந்தாய். முந்தைய தீபாவளி விடுமுறையில் தண்ணீர் வைக்க ஆளில்லாமல் உன் முயல்கள் இரண்டு செத்துப்போயின. பொங்கல் விடுமுறைக்கு எவரையும் நம்பத் தயாராக இல்லாமல் அத்தனையையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

சுரங்கத்தில் என் அப்பா பெர்மனன்ட், உன் அப்பா கான்ட்ராக்ட். எங்களுக்குத் தோட்டம் வைத்த குவார்ட்டர்ஸ். உங்கள் வீடு நகரியத்துக்கு வெளியே, சுரங்கத்து மண்மேட்டை ஒட்டிய தெருவில் ஒற்றை அறை. "உங்க வூட்டுல தோட்டத்துக்கே கேட்டு போட்டுருக்கு. எங்க வூட்டுல கதவே சாக்குதான். நாய் பூந்துச்சின்னா என் பட்டம் அதும் வயித்துக்குள்ள போயிடும்" என்று என் அம்மாவிடம் சொன்னாய். அம்மா சைக்கிள் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் முயல்களுக்குக் கீரை கிள்ளிக்கொண்டே, என்ன ஆராய்ச்சி என்று எனக்கு விளக்கினாய். காலராக் கிருமி ஆளைக் கொல்ல உடம்புக்குள் ஓடித் திரிவதில்லை, குடலிலேயே உட்கார்ந்து ஒரு நஞ்சைக் கக்குகிறது, அந்த நஞ்சு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டதும் உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் குடலுக்குள் கொட்ட ஆரம்பித்துவிடுகிறது என்றாய். எனக்குப் புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு உன் அப்பாவின் வேலையை இழுத்தாய்.

"எங்கப்பா சுரங்கத்துல பம்பு போட்டு ராத்திரி பகலா தண்ணி எறைச்சிகினு கீறாரு இல்ல? குடல் சுவர்லயும் அந்த மாதிரி பம்பு இருக்குதுன்னு வச்சிக்க. வேணும்னா ஓடும், வேணான்னா நிக்கும். இந்த நஞ்சு போயி சுவிட்ச அமுக்கிப் புடிச்சிக்குது. அப்பறம் நிக்கவே நிக்காது."

வீரியத்தை எடுத்துவிட்ட நஞ்சை முன்கூட்டியே உடம்புக்குக் காட்டிவைத்தால், பிறகு நிஜ நஞ்சு வரும்போது அதைச் சுவரில் ஒட்டவிடாமல் பிடிக்கும் எதிர்ப்பொருள் சுரக்கும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. உன் கேள்வி அதற்கு அடுத்தது. தோலுக்கடியில் ஊசி போட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் வருகிறது, ஆனால் சண்டை நடக்கிற இடம் குடல். அங்கே காவல் நிற்க வேண்டுமானால் குடலே ஒருமுறை அந்த நஞ்சைச் சந்தித்திருக்க வேண்டாமா? அதனால் இங்கே வருவதற்கு முன்பே பன்னிரண்டு முயலுக்கும் ஊசி போட்டிருந்தாய். அவற்றில் ஆறுக்கு மட்டும் அதே மருந்தை, வயிற்று அமிலம் கெடுத்துவிடாமல் இருக்க ஆப்பசோடாத் தண்ணீரில் கலந்து, வாய்வழியாகவும் கொடுத்திருந்தாய். மற்ற ஆறுக்கு வெறும் ஆப்பசோடாத் தண்ணீர். விடுமுறை முடிந்ததும் எல்லாவற்றையும் மயக்கி, குடலில் ஒரு பகுதியைக் கட்டி, அதற்குள் நிஜ நஞ்சைச் செலுத்திப் பார்ப்பது உன் திட்டம். காவல் இருந்தால் குடல் தட்டையாகவே இருக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் கோத்துக்கொண்டு உப்பிவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நீ மறுபடி கீரை கிள்ள ஆரம்பித்தாய். உன் தம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை. நாம் ஆறாவது படிக்கும்போது உங்கள் தெருவில் வாந்திபேதி வந்ததும், காலையில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தவன் மறுநாள் விடிவதற்குள் போய்விட்டதும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டு வந்து, "ஒடம்புல காயமே இல்லடி, சுருங்கிப்போயிட்டான்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு நீ படித்த எல்லாப் படிப்பும் அந்த ஒரு வரிக்குப் பதில் தேடித்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எந்த முயல் எந்தக் கட்சி என்று காட்டுவது காதுக்குள் வைத்த ஊதாப் பொட்டு ஒன்றுதான். வாயில் மருந்து குடித்ததற்கு வலது காது, குடிக்காததற்கு இடது காது. ஜென்ஷன் வயலெட் என்ற அந்த ஊதாச் சாயம் நாலைந்து நாளில் மங்கிவிடும், மூன்று நாளைக்கு ஒருமுறை மேலே தொட்டு வைக்க வேண்டும். தினமும் நீயே வந்து பார்த்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. வந்த ஐந்தாம் நாள் உனக்கு அம்மை போட்டுவிட்டது. சாயப் பாட்டிலும் தீக்குச்சியில் சுற்றிய பஞ்சும் என் பொறுப்புக்கு வந்தன. ஒருமுறை ஒழுங்காகத் தொட்டு வைத்தேன். அடுத்த முறை போகிப் பண்டிகை, வீடு ஒழிக்கும் வேலை. நாளைக்கு வைக்கலாம் என்று விட்டேன். மறுநாள் பொங்கல். அதற்கும் மறுநாளுக்கு விட்டேன்.

அந்த மறுநாள் நான் லேபுக்குப் போய்விட்டுப் பகலில் திரும்பியபோது, தோட்டத்தில் பன்னிரண்டு மஞ்சள் முயல்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். காடாம்புலியூரில் மாடு கன்றோடு வளர்ந்த என் அம்மா, கல்யாணமாகி நகரியத்துக்கு வந்த நாளிலிருந்து மாட்டுப் பொங்கலன்று குளிப்பாட்ட ஒரு ஜீவன் இல்லாமல் தவித்தவள். "வாயில்லா ஜீவனுங்க நம்ம வூட்டுல வந்து கீது, நல்ல நாளும் அதுவுமா அழுக்கோட வுட்டா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சீயக்காய் போட்டுக் காதுக்குள்ளெல்லாம் விரல் விட்டுத் தேய்த்திருந்தாள். மங்கிக் கிடந்த ஊதா இருந்த சுவடே தெரியவில்லை. கூண்டில் திருப்பிவிடும்போதாவது பழைய இடம் பார்த்து விட்டாளா என்றால், அதுவும் கைக்கு வந்தபடி.

நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டைச் சரியாக வைத்திருந்தால் சீயக்காயால் அவ்வளவு சுலபமாகப் போயிருக்காது. தப்பு யாருடையது என்று எனக்கு அப்போதே தெரியும். அம்மா சமையலறைக்குப் போனதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நகம் பிய்ந்த ஒன்றையும், எப்போதும் மூலையில் ஒடுங்கும் ஒன்றையும் நிச்சயமாக அடையாளம் தெரிந்தது. மீதிப் பத்துக்கும் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஊகத்தில் வைத்தேன். வலதில் ஆறு, இடதில் ஆறு, கணக்கு சரியாக வந்தது. பார்க்க ரொம்ப நேர்த்தியாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டாகிவிட்டது, உன் வீட்டுக்குள் வர எனக்குத் தடை இல்லை. வேப்பிலையின் நடுவில் படுத்துக்கொண்டு, "பாரு, உன் ஒடம்பு இத்தினி வருசமா அத ஞாபகம் வச்சிகினு கீது" என்று என் கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாய். பிறகு முயல்களைப் பற்றிக் கேட்டாய். நன்றாக இருக்கின்றன என்றேன். அந்த அறையில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அதுதான் இன்னும் கூசுகிறது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே நீ வந்துவிட்டாய். முகமெல்லாம் காய்ந்த வடு. மஞ்சள் ஏறிய முயல்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய். காதைத் திருப்பிப் பார்த்து, "என்னைவிட அழகா வச்சிருக்கடி" என்றாய். அம்மா உன்னிடம் இதுங்களை என்ன செய்வாய் என்று கேட்டதும் அப்போதுதான். நீ மழுப்பவில்லை. வயிற்றைத் திறந்து பார்ப்போம், அதற்கப்புறம் உயிரோடு விடமாட்டோம், ஆனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் என்று சொன்னாய். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "சாமி கும்புட்டுப் பொட்டு வச்சதுங்க" என்றாள். "தெரியும்மா. ஒண்ணுகூட வீணாப் போவக்கூடாது, அதுக்குத்தான் இந்தப் பாடு" என்றாய் நீ.

வீணாப் போகக்கூடாது என்ற அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் எதையும் சொல்லாமல் என்னால் இரவைத் தாண்டிவிட முடிந்தது. காலையில் லாரி வருவதற்கு முன், நீ கூண்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது முடியவில்லை. உளறிக் கொட்டினேன். போகி, பொங்கல், சீயக்காய், ஊகம், எல்லாவற்றையும். என் கை நடுங்குவதைப் பார்த்து முயல்களே மிரண்டன.

நீ கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கூண்டின் மேல் உட்கார்ந்தாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. வந்த அன்று நீ ஒவ்வொன்றின் எடையும் எழுதிய நோட்டை வைத்துக் கண்டுபிடித்துவிட முடியாதா என்று கேட்டேன். என் அம்மா போட்ட முருங்கைக் கீரையில் எல்லாமே அரைக் கிலோ ஏறிக் கிடந்தன. கடைசியில் நானே ஒரு மகா யோசனை சொன்னேன். எப்படியும் அறுத்துப் பார்க்கப் போகிறாய், உப்பாததெல்லாம் மருந்து குடித்தது, உப்பினதெல்லாம் குடிக்காதது என்று எழுதிக்கொண்டால் போயிற்று. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாய்.

"அதுக்கு முயல் எதுக்குடி? நானே வூட்ல குந்திகினு எழுதிடலாமே. அப்பிடி எழுதற மருந்து நாளைக்கு ஒரு புள்ளைக்கிப் போவும்."

லாரி வந்து ஹாரன் அடித்தது. அதைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாய். உன் பட்டம், உதவித்தொகையில் மிச்சம் இருந்த ஒரு வருடம், உன் தம்பி, எல்லாம் அந்தக் கொட்டகையில் என் சோம்பலால் குலைந்து கிடந்தன. அழக்கூட எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் கழித்தோ, "புழுக்கையெல்லாம் பெருக்கி எங்க கொட்டுன?" என்று கேட்டாய். முருங்கை மரத்தடியில் என்றேன். இனி கொட்டாதே என்றாய். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டபோது உன் முகமே மாறியிருந்தது. எது மருந்து குடித்தது என்ற கேள்வி செத்துப்போனது, ஆனால் இந்தப் பன்னிரண்டையும் வேறொரு கேள்வி கேட்கலாம் என்றாய். குடலில் காவல் நிற்கும் எதிர்ப்பொருள் புழுக்கையோடு கொஞ்சம் வெளியே வந்தாக வேண்டும். எந்த முயலின் புழுக்கையில் அது நிறைய இருக்கிறதோ, அந்த முயலின் குடல் உப்பாது என்று அறுப்பதற்கு முன்பே சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் மனிதருக்கும் உதவும், யாருக்குக் காவல் வந்திருக்கிறது என்று வயிற்றைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

என் ஊகப் பொட்டுகளை நீயே ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாய். ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை காதில் எண் எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தாய். வேண்டாம், நீயே எழுது என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. நாலு நாள், முயலுக்கு ஒரு டப்பாவாக, புழுக்கை பொறுக்கினோம். டிப்ளமோ படித்தது இதற்குத்தானா என்று அப்பா கேட்டுவிட்டு, ஐஸ் வண்டிக்காரரிடம் சொல்லி ஒரு பழைய ஐஸ் பெட்டி வாங்கி வந்து கொடுத்தார்.

நீ சென்னை போன மூன்றாவது வாரம் எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. உள்ளே இன்னொரு உறை, அரக்கு வைத்து ஒட்டியது. மேலே, பிரிக்காதே, நான் போன் செய்யும்வரை பத்திரமாக வை என்று எழுதியிருந்தாய். எந்தெந்த எண்கள் உப்பும், எவை உப்பாது என்று முன்கூட்டியே நீ எழுதிய பட்டியல் அது. தபால் முத்திரைத் தேதியே சாட்சி. அறுத்து அளந்தது உன்னோடு படித்த இன்னொரு பெண், அவளுக்குப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் எங்கள் லேபுக்குப் போன் செய்தாய். என் முதலாளி முன்னிலையில் பிரித்தேன். நீ எண்ணைச் சொல்லி, உப்பியது, உப்பவில்லை என்று படிக்கப் படிக்க, நான் பட்டியலில் விரல் வைத்துச் சரி பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறுவரை எல்லாம் ஒத்து வந்தது.

"ஏழு, நல்லா உப்பிச்சி" என்றாய்.

பட்டியலில் ஏழு உப்பாது என்று இருந்தது. ஒரு நொடிதான். சரி என்று சொல்லிவிடலாம், அந்தப் பக்கம் நீ எவ்வளவு சந்தோஷப்படுவாய் என்று ஒரு நொடி நினைத்தேன். அதை மறைத்து என்ன பிரயோஜனம்? கொட்டகையில் உட்கார்ந்திருந்த உன் முகம் கண் முன்னால் நின்றது. ஏழு ஒத்துவரவில்லை, நீ உப்பாது என்று எழுதியிருக்கிறாய் என்றேன். கை கொஞ்சம் நடுங்கியது.

"எனக்குத் தெரியும்டி. நகல் எங்கிட்டயும் கீது. நீ சொல்றியான்னு பாத்தேன்" என்றாய். பிறகு எட்டிலிருந்து தொடர்ந்து படித்தாய். அதன் பிறகு எல்லாம் ஒத்து வந்தது. எனக்குத்தான் எழுத்தே தெரியாதபடி கண் மறைத்தது.

அடுத்த வருடம் காதில் தகடு அடித்த புது முயல்களோடு முதல் கேள்வியையும் நீ திரும்பக் கேட்டாய். ஊசி மட்டும் போட்டதைவிட, வாய்வழியாகவும் வாங்கியது நஞ்சை நன்றாகத் தாங்கியது. உன் ஆய்வேட்டில் புழுக்கை ஒரு தனி அத்தியாயம் ஆனது. அதில், ஒரு பண்டிகை நாளில் விலங்குகள் குளிப்பாட்டப்பட்டதால் அடையாளங்கள் அழிந்தன என்று ஒளிக்காமல் எழுதினாய். ஏழாம் எண் ஏன் ஏமாற்றியது என்று தெரியவில்லை என்றும் எழுதினாய். நன்றிப் பக்கத்தில் என் அம்மா பெயர் இருந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கெடுத்ததற்கா நன்றி என்று கேட்டு, அன்று முழுவதும் சிரிப்பும் கண்ணீருமாகத் திரிந்தாள்.

அதன் பிறகு நீ வடக்கே போனாய், வேலை பார்த்தாய், நோயில் விழுந்தாய், முப்பத்தேழு வயதில் போய்விட்டாய். எனக்கு உன் மேல் அதில் கோபம்தான். ஆனால் காலராவுக்கு வாயில் ஊற்றும் தடுப்பு மருந்து நம் நாட்டிலேயே வந்துவிட்டது என்று போன வாரம் செய்தித்தாளில் படித்தேன். சைக்கிள் கொட்டகையிலிருந்து அதுவரை நேராகக் கோடு போட எனக்குத் தெரியாது, போட்டால் நீயே திட்டுவாய். மண்மேட்டுத் தெருவில் இனி ஒரு குழந்தை அப்படிச் சுருங்கிப்போகாமல் இருக்கக்கூடும் என்று நினைத்துச் செய்தித்தாளை மடித்து வைத்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

நானும் மாறவில்லை, அதே வேலைதான், வேறு லேப். நேற்று ஐஸ் பெட்டியில் தண்ணீர் இறங்கி ரத்த மாதிரி வைத்த இரண்டு சோதனைக் குழாய்களில் பெயர் அழிந்துவிட்டது. இரண்டும் குழந்தைகளுடையவை. ஒன்று, ஒரு வாரமாகக் காய்ச்சல் விடாத தன் மகளைத் தூக்கிக்கொண்டு வளையமாதேவியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போனது. ரிசல்ட் வாங்க வந்து நின்றாள். எது அவள் குழந்தையுடையது என்று எனக்கு ஏறக்குறைய தெரியும். ஏறக்குறைய.

"என் தப்புதாங்க. எது உங்க பாப்பாவோடதுன்னு எனக்கு நிச்சயமா தெரியல. குத்துமதிப்பா எழுதித் தர மாட்டேன். மறுபடி எடுக்கணும்" என்றேன்.

திட்டினாள். நியாயமான திட்டு, முழுக்க வாங்கிக்கொண்டேன். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். எனக்கு ஒன்று தோன்றியது. முதல் முறை உன்னிடம் சொன்னபோது என் கை அப்படி நடுங்கியது. இரண்டாம் முறை போனில் சொன்னபோது கொஞ்சம் நடுங்கியது. நேற்று நடுங்கவே இல்லை. அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு ஊசியை வைத்தேன், நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.